மருந்துக்கு மசியாத ரத்தப் புற்றுநோயும் கார்-டி செல் ஆய்வும்: சுங்கை சிப்புட்டில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகள்

நான் ஓய்வுபெற்ற தாதி. வேலை பார்த்த ஆண்டுகளில் பாதிக்கு மேல் ரத்தநோய் வார்டில் போயிற்று. இப்போது மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், பிறந்த தோட்டத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறேன். எங்கள் வீட்டு வரிசையில் ஒருவருக்கு நிணநீர்ப் புற்றுநோய் இரண்டாவது முறையாகத் திரும்பி வந்துவிட்டது. "நம்ம ரத்தத்தையே எடுத்து, மாற்றி, திரும்ப ஏத்துற வைத்தியம் ஒன்னு இருக்காமே" என்று அவர் மனைவி கேட்டு வந்தார். அதன் பிறகு ஒவ்வொருவராக வாசலுக்கு வர ஆரம்பித்தார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான், அதனால் பதில்களை எழுதி வைத்துவிட்டேன். உங்கள் டாக்டர் சொல்வதற்குப் பதிலாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். அவரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொண்டு போவதற்காக எழுதியது இது.

கார்-டி என்றால் என்ன? ரத்தத்தை மாற்றுவதா?

ரத்தத்தை மாற்றுவதில்லை. ரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்களில் டி செல் என்று ஒரு வகை உண்டு. கிருமி பிடித்த செல்லைத் தேடிப் பிடித்துக் கொல்வது அதன் வேலை. புற்றுநோய் செல் நம் உடம்பிலேயே பிறந்தது என்பதால் பல சமயம் டி செல்லுக்கு அதை அடையாளம் தெரியாமல் போய்விடுகிறது. அந்த டி செல்லை வெளியே எடுத்து, புற்றுநோய் செல்லின் மேல்தோலில் இருக்கும் ஓர் அடையாளத்தைப் பிடித்துக்கொள்ளும் கொக்கியை அதற்கு முளைக்க வைத்து, கோடிக்கணக்கில் பெருக்கி, அதே ஆளுக்குத் திரும்ப ஏற்றுவதுதான் கார்-டி. அந்தக் கொக்கிக்குத்தான் கார் என்று பெயர்.

பால்மரத்தில், அதாவது ரப்பர் மரத்தில், ஒட்டுக் கட்டியவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். அடிக்கன்றின் வேர் அப்படியே இருக்கும், நல்ல ரகத்தின் மொட்டை மட்டும் பட்டைக்குள் வைத்துக் கட்டுவோம். இங்கே வேர் உங்கள் சொந்த டி செல். மொட்டு, ஆய்வகத்தில் எழுதிய மரபணு. ஒட்டு பிடித்த பிறகு அது ஒரே மரம்தான். அந்த டி செல்லும் அப்படித்தான் உடம்புக்குள்ளேயே வாழும், பெருகும். மாத்திரை போலக் கரைந்து போய்விடாது.

இந்த எண்ணத்தை முதலில் செய்து காட்டியவர்களில் ஒருவர் இஸ்ரேலின் வைஸ்மன் ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த செலிக் எஷ்ஹார். அது 1989-இல். நோயாளிகளுக்குப் பயன்படும் அளவுக்கு வர இன்னும் 20 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

மரபணுவை உள்ளே வைக்க எய்ட்ஸ் வைரஸைப் பயன்படுத்துகிறார்களாமே?

பாதி உண்மை. பெரும்பாலும் பயன்படுவது லெண்டிவைரஸ் என்னும் வகை. எச்ஐவியும் அந்தக் குடும்பம்தான். ஆனால் நோய் உண்டாக்கும் பாகங்களையும் பெருகும் பாகங்களையும் வெட்டி எடுத்துவிட்டு, மரபணுவைச் சுமந்து போய்ப் போடும் வண்டியாக மட்டும் வைத்திருக்கிறார்கள். அதனால் எய்ட்ஸ் வராது.

ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். இந்தச் சிகிச்சைக்குப் பிறகு சில வகை எச்ஐவி பரிசோதனையில் தவறாக 'இருக்கிறது' என்று முடிவு வரலாம். வேலைக்கோ காப்புறுதிக்கோ ரத்தம் கொடுக்கும்போது முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், சிகிச்சைக் கடிதத்தையும் காட்டுங்கள். விவரம் தெரியாத ஒருவர் அந்த முடிவைப் பார்த்துப் பயந்து, குடும்பத்தில் வீண் கலவரம் வர வேண்டாம்.

எல்லா ரத்தப் புற்றுநோய்க்கும் இது உண்டா?

இல்லை. இதுவரை நன்றாகக் கைகொடுத்தது மூன்று கூட்டத்துக்கு. ஒன்று, பி செல் என்னும் இன்னொரு வகை வெள்ளை அணுவில் வரும் தீவிர லிம்போபிளாஸ்டிக் ரத்தப் புற்றுநோய், குழந்தைகளுக்கு அதிகம் வருவது இதுதான். அடுத்தது, பி செல் நிணநீர்ப் புற்றுநோய்கள், அதாவது லிம்போமா. மூன்றாவது, எலும்பு மஜ்ஜையில் வரும் மைலோமா. முதல் இரண்டில் தேடும் அடையாளத்துக்கு சிடி19 என்று பெயர், மைலோமாவில் பிசிஎம்ஏ.

மைலாய்டு வகை ரத்தப் புற்றுநோய்க்கு இன்னும் ஆய்வுக் கட்டம்தான். அந்தப் புற்றுநோய் செல்லில் உள்ள அடையாளங்கள் ரத்தம் உற்பத்தி செய்யும் நல்ல செல்களிலும் இருப்பதால், ஒன்றை அழிக்கப் போய் மற்றதையும் அழித்துவிடும். டி செல்லிலேயே புற்றுநோய் வந்தால் இன்னும் சிக்கல். மாற்றி அனுப்பும் டி செல்கள் ஒன்றை ஒன்று தாக்கிக்கொள்ளும். லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் மருத்துவமனையில் 2022-இல் அலிசா என்ற 13 வயதுப் பெண்ணுக்கு இதற்கு ஒரு வழி கண்டார்கள். ஆரோக்கியமான ஒருவர் தானம் கொடுத்த டி செல்லில் மரபணு எழுத்துகளை ஒவ்வொன்றாகத் திருத்தி, அவை தங்களுக்குள் அடித்துக்கொள்ளாதபடி செய்து ஏற்றினார்கள். ஒரு மாதத்தில் நோய் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு அடங்கியது, பிறகு எலும்பு மஜ்ஜை மாற்றமும் நடந்தது. அவளுக்கு முன்பு அந்தச் சிகிச்சை உலகத்தில் யாருக்கும் கொடுக்கப்பட்டதில்லை.

எத்தனை பேருக்குக் குணமாகிறது? உண்மையைச் சொல்லுங்கள்.

சொல்கிறேன். எலியானா என்ற ஆய்வில், வேறு எந்த மருந்துக்கும் அடங்காத ரத்தப் புற்றுநோய் உள்ள குழந்தைகளும் இளைஞர்களும் 75 பேருக்குச் செல் ஏற்றினார்கள். மூன்று மாதத்துக்குள் 81 விழுக்காட்டினருக்கு நோய் அடங்கியது. ஆனால் ஓராண்டு முடிவில், நோய் திரும்பாமலும் வேறு தடங்கல் வராமலும் இருந்தவர்கள் ஏறக்குறைய பாதிப் பேர்தான். லிம்போமாவுக்கான சூமா-7 ஆய்வில் 359 பேர். இரண்டாண்டு கழித்தும் நோய் தலைகாட்டாமல் இருந்தவர்கள் கார்-டி பிரிவில் 41 விழுக்காடு, வழக்கமான சிகிச்சைப் பிரிவில் 16 விழுக்காடு. மைலோமாவில், பல மருந்துகளும் கைவிட்ட 97 பேருக்கு ஒரே ஒரு முறை செல் ஏற்றியதில் 32 பேர் ஐந்து ஆண்டுகள் கழித்தும் நோய் முன்னேறாமல் இருந்தார்கள்.

வேறு வழியே இல்லை என்ற நிலையில் இவை பெரிய எண்ணிக்கை. எனக்கு அந்த வார்டு ஞாபகம் இருக்கிறது. இப்படிப்பட்டவர்களுக்கு வலி மருந்து தவிர நாங்கள் கொடுக்க ஒன்றும் இல்லாத காலம் அது. ஆனாலும் "நூத்துக்கு நூறு கியாரண்டி" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

'ஆய்வு' என்றால் எங்களை வைத்துச் சோதித்துப் பார்ப்பதா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களை நான் குறை சொல்வதே இல்லை. துரையும் கிராணியும் சொன்ன இடத்தில் கைநாட்டு வைத்துப் பழகிய தலைமுறை நம்முடையது. தாளைப் பார்த்தால் பயம் வருவது இயற்கை. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஆய்வில் கட்டங்கள் உண்டு. முதல் கட்டத்தில் சில பேருக்கு மட்டும் குறைந்த அளவில் தொடங்கி, எவ்வளவு செல் ஏற்றினால் உடம்பு தாங்குகிறது என்று பார்ப்பார்கள். நோய் குணமாகுமா என்பது அங்கே இரண்டாவது கேள்விதான். இரண்டாம் கட்டத்தில் பலன் உண்டா என்று பார்ப்பார்கள். மூன்றாம் கட்டத்தில் இப்போதிருக்கும் சிகிச்சையோடு ஒப்பிடுவார்கள். எந்தப் பக்கம் விழுவது என்பது குலுக்கல் போலத்தான், நீங்களோ டாக்டரோ தேர்ந்தெடுக்க முடியாது. வெறும் உப்புத் தண்ணீரை ஏற்றி ஏமாற்றிவிடுவார்களோ என்று பலர் பயப்படுகிறார்கள். கடுமையான ரத்தப் புற்றுநோயில் அப்படிச் சும்மா விடுவதில்லை, மற்ற பிரிவுக்கும் வழக்கத்தில் உள்ள முறையான சிகிச்சை கிடைக்கும்.

ஆகவே முதல் கேள்வியாக "இது எத்தனையாவது கட்டம்?" என்று கேளுங்கள். "எனக்கு முன்னால் எத்தனை பேருக்கு ஏற்றியிருக்கிறீர்கள், அவர்களுக்கு என்ன ஆயிற்று?" என்பது அடுத்தது.

மலேசியாவில் இப்படி ஓர் ஆய்வு நடத்த நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும், மருந்துக் கட்டுப்பாட்டைப் பார்க்கும் என்பிஆர்ஏவின் அனுமதியும் வேண்டும். விளக்கத் தாளைக் கொடுத்து, உங்களுக்குப் புரியும் மொழியில் சொல்லி, யோசிக்க நேரம் கொடுத்த பிறகுதான் கையெழுத்து வாங்க வேண்டும். தாள் மலாயிலோ ஆங்கிலத்திலோ மட்டும் இருந்தால், தமிழில் விளக்க ஆள் வேண்டும் என்று கேளுங்கள். பள்ளிக்கூடம் போகும் பேரப்பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். தாத்தா செத்துப் போகலாம் என்ற வரியை அந்தப் பிள்ளை சொல்லாமல் முழுங்கிவிடும். என் கண் முன்னால் அப்படி நடந்திருக்கிறது. கையெழுத்துப் போட்ட பிறகும் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். விலகினீர்கள் என்பதற்காக உங்கள் வழக்கமான சிகிச்சையைக் குறைக்க யாருக்கும் உரிமை இல்லை.

எப்போது இதைப் பற்றிக் கேட்க வேண்டும்? எல்லா மருந்தும் முடிந்த பிறகா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். எல்லாம் முடிந்த பிறகு கேட்காதீர்கள். நோய் முதல் முறை திரும்பி வந்த அன்றே, அல்லது முதல் மருந்துக்கு அடங்கவில்லை என்று தெரிந்த அன்றே கேளுங்கள்.

காரணம் இதுதான். சிகிச்சைக்கு மூலப்பொருள் உங்கள் சொந்த டி செல். கீமோ ஒவ்வொரு சுற்று ஏற ஏற அந்த டி செல் எண்ணிக்கையிலும் குறையும், தெம்பிலும் குறையும். தேய்ந்துபோன டி செல்லை எடுத்தால் ஆய்வகத்தில் சரியாகப் பெருகாது. இன்னொன்று, நோய் உடம்பில் அதிகம் பரவியிருக்கும்போது ஏற்றினால் பக்கவிளைவும் கடுமையாக இருக்கும். எலியானா ஆய்வில் சேர்க்கப்பட்டவர்கள் 92 பேர். செல் ஏற்றப்பட்டது 75 பேருக்கு. மீதி 17 பேரில் சிலர் காத்திருக்கும்போதே இறந்துபோனார்கள், சிலருக்குச் செல்லைச் சரியாகத் தயாரிக்க முடியவில்லை.

என் சொந்தத் தாய்மாமாவுக்கு லிம்போமா. மூன்றாவது முறை திரும்பிய பிறகுதான், அதுவும் நாங்கள் கேட்டதால், ஓர் இடத்தில் ஆய்வைப் பற்றிப் பேச்சு வந்தது. பரிசோதித்துவிட்டு, எடுக்கும் அளவுக்கு டி செல் இல்லை என்றார்கள். ஆறு மாதத்துக்கு முன்பு கேட்டிருக்கலாமே என்று இன்றைக்கும் மனசு அடித்துக்கொள்கிறது. நான் தாதி, எனக்கே தோன்றவில்லை. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

யாரிடம் கேட்பது?

உங்கள் ரத்தநோய் நிபுணரிடம். நாட்டின் ரத்தநோய்ச் சிகிச்சைக்குத் தலைமை மையம் அம்பாங் மருத்துவமனை. ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியிலேயே பார்த்துக்கொண்டிருந்தாலும், அங்கிருந்து கடிதம் வாங்கிக் கருத்துக் கேட்கலாம். "டாக்டர், எனக்குப் பொருந்துகிற கார்-டி ஆய்வு இங்கேயோ சிங்கப்பூரிலோ இந்தியாவிலோ திறந்திருக்கிறதா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வார் என்று நம் ஆட்கள் நினைக்கிறார்கள். நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கையில் ஒரு ஃபைல் வேண்டும். திசுப் பரிசோதனை முடிவு, இதுவரை ஏற்றிய மருந்துகளின் பெயரும் தேதியும், கடைசி ஸ்கேன். இது இல்லாமல் போனால் பாதி நாள் வீணாகும்.

எத்தனை நாள் ஆகும்? வேலை, வீடு எல்லாம் என்ன ஆவது?

முதலில் டி செல் எடுப்பார்கள். ஒரு கையிலிருந்து ரத்தம் போய், இயந்திரத்தில் வெள்ளை அணு பிரிந்து, மறு கை வழியாக மீதி திரும்ப வரும். மூன்று முதல் ஐந்து மணி நேரம். அப்புறம் செல் தயாராகச் சில வாரங்கள். அதுவரை நோய் தலைதூக்காமல் இருக்க இடைக்கால மருந்து கொடுக்கலாம். ஏற்றுவதற்கு முன் மூன்று நாள் லேசான கீமோ, புதுச் செல்லுக்கு இடம் காலி செய்ய. ஏற்றுவது என்னவோ அரை மணி நேரம்கூட ஆகாது. இதற்கா இத்தனை பாடு என்று இருக்கும்.

ஆனால் அதன் பிறகுதான் உண்மையான காவல். சில வாரங்கள் மருத்துவமனையிலும் அதற்குப் பக்கத்திலும் இருக்க வேண்டும், கூடவே இரவு பகலாக ஒரு ஆள் வேண்டும். சுங்கை சிப்புட்டிலிருந்து கோலாலம்பூருக்கு ரயில் இருக்கிறது, ஆனால் காய்ச்சல் வந்த ராத்திரி ரயிலுக்குக் காத்திருக்க முடியாது. அங்கேயே அறை எடுக்கத்தான் வேண்டும். ஆய்வாக இருந்தால் பயணத்துக்கும் தங்குவதற்கும் பணம் தருவார்களா என்று கேளுங்கள், வெட்கப்படாதீர்கள். வேலையில் இருப்பவர்கள், தொழிலாளர் சமூகப் பாதுகாப்பைப் பார்க்கும் சொக்சோவில் இயலாமை ஓய்வூதியம் பற்றி விசாரிக்கலாம்.

பக்கவிளைவு உயிருக்கு ஆபத்தா?

ஆபத்தாகலாம். முதலாவது, ஏற்றிய டி செல்கள் ஒரே நேரத்தில் பெருகிச் சண்டை போடும்போது உடம்பு முழுக்கத் தீப்பிடித்தது போல ஆவது. கடுங்காய்ச்சல், ரத்த அழுத்தம் இறங்குதல், மூச்சுத் திணறல். எலியானாவில் 77 விழுக்காட்டினருக்கு ஏதோ ஓர் அளவில் இது வந்தது, ஏறக்குறைய பாதிப் பேர் ஐசியூவுக்குப் போனார்கள்.

இதற்கு மருந்து கிடைத்த கதையைச் சொல்லியாக வேண்டும். 2012-இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் எமிலி வைட்ஹெட் என்ற ஆறு வயதுச் சிறுமிக்குச் செல் ஏற்றினார்கள். குழந்தைகளில் அவள்தான் முதல். காய்ச்சல் அடங்காமல், செயற்கைச் சுவாசத்தில் கிடந்தாள். ரத்தத்தில் ஐஎல்-6 என்ற பொருள் எக்கச்சக்கமாக ஏறியிருப்பதைப் பார்த்த டாக்டர்கள், மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் டோசிலிசுமாப் என்ற மருந்தை நினைத்துப் பார்த்தார்கள். அந்தச் செல்லை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கிய கார்ல் ஜூனின் மகளுக்கே மூட்டுவாதம் இருந்ததால் அவருக்கு அந்த மருந்து தெரிந்திருந்தது. கொடுத்த சில மணி நேரத்தில் காய்ச்சல் இறங்கியது. எமிலி இன்று வளர்ந்த பெண். அந்த ஒரு நாள் தவறியிருந்தால் இந்தச் சிகிச்சையே அத்தோடு நின்றிருக்கலாம். இப்போது அந்த மருந்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் செல்லை ஏற்றுகிறார்கள்.

இரண்டாவது, மூளையில் குழப்பம். பேச்சுத் தடுமாறும், ஆள் அடையாளம் தெரியாது, வலிப்பும் வரலாம். பெரும்பாலும் சில நாட்களில் சரியாகிவிடும். இதைக் கண்டுபிடிக்கத் தினமும் ஒரு சின்னப் பரீட்சை வைப்பார்கள்: இது என்ன ஆண்டு, எந்த ஊர், நூறிலிருந்து பத்துப் பத்தாகக் குறைத்து எண்ணுங்கள், ஒரு வாக்கியம் எழுதுங்கள். எழுத்துக் கோணலாகிப் போவதுதான் பல சமயம் முதல் அறிகுறி. இங்கேதான் நம் பெரியவர்களுக்குச் சங்கடம். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் நாலாவது வரை படித்தவரை மலாயில் எழுதச் சொன்னால், நோய் இல்லாமலேயே தோற்றுவிடுவார். செல் ஏற்றுவதற்கு முன்பே, "என் அப்பா தமிழில்தான் எழுதுவார்" என்று சொல்லி, ஒரு நல்ல நாளில் ஒரு வரி எழுதி வாங்கி வையுங்கள். 'என் வீட்டு முற்றத்தில் முருங்கை மரம் இருக்கிறது' என்பது போல எதுவாக இருந்தாலும் போதும். அடுத்தடுத்த நாள் எழுத்தை அதோடு ஒப்பிட, தமிழ் தெரியாத தாதிக்கும் கண் போதும்.

மூன்றாவது, நீண்ட காலம். சிடி19-ஐத் தேடும் செல் நல்ல பி செல்லையும் சேர்த்து அழிப்பதால் நோய் எதிர்ப்பு குறையும், சிலருக்கு மாதாமாதம் எதிர்ப்புப் புரதம் ஏற்ற வேண்டியிருக்கும். மிகச் சிலருக்கு டி செல்லிலேயே புதுப் புற்றுநோய் வந்திருக்கிறது என்பதால் 2024-இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டைப் பார்க்கும் எஃப்டிஏ, மருந்து விவரத் தாளில் எச்சரிக்கை சேர்க்கச் சொன்னது. செல் ஏற்றியவர்களை 15 ஆண்டுகள் தொடர்ந்து பார்ப்பது இதற்காகத்தான்.

செலவு?

2017-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் கார்-டி மருந்தான கிம்ரியாவின் அப்போதைய விலை 4,75,000 டாலர். நம் பணத்தில் ஏறக்குறைய இரண்டு மில்லியன் வெள்ளி, அதாவது ரிங்கிட். இந்தியாவில் பம்பாய் ஐஐடியும் டாடா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19, 2023 அக்டோபரில் அனுமதி பெற்றது. வந்த புதிதில் அதன் விலை சுமார் 40 லட்சம் ரூபாய், அதாவது இரண்டு லட்சம் வெள்ளி போல. பத்தில் ஒரு பங்கு. ஆனாலும் படுக்கை, ஐசியூ, தங்குவது எல்லாம் தனி. வீட்டை விற்பதற்கு முன் மொத்தக் கணக்கையும் எழுத்தில் வாங்குங்கள்.

முறையான ஆய்வில் ஆய்வுச் செல்லுக்கு நோயாளி பணம் கட்டுவதில்லை. "ஆய்வில் சேர்க்கிறோம், முன்பணம் கட்டுங்கள்" என்று யார் சொன்னாலும், அந்த ஆய்வின் பதிவு எண்ணைக் கேளுங்கள். அந்த எண்ணோடு உங்கள் டாக்டரிடம் போங்கள்.

கடைவீதியில் 'இம்யூன் செல் ஊசி' போடுகிறார்களே, அதுவும் இதுதானா?

இல்லை. கார்-டி என்பது கீமோவும் ஐசியூவும் ரத்தநோய் நிபுணரும் உள்ள இடத்தில்தான் நடக்கும். ஊசி போட்டுக்கொண்டு சாயந்திரம் வீட்டுக்குப் போகலாம் என்றால் அது வேறு ஏதோ ஒன்று. தயவுசெய்து பணத்தையும் நாளையும் அங்கே விடாதீர்கள்.

நாட்டு மருந்து கூடவே சாப்பிடலாமா?

டாக்டரிடம் சொல்லாமல் வேண்டாம். கல்லீரல் கொஞ்சம் கெட்டாலே ஆய்வில் சேர்க்க மாட்டார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு எப்படி இருக்க வேண்டும்?

காய்ச்சல் 38-ஐத் தொட்டால் விடியும்வரை பார்க்காதீர்கள், அப்போதே கிளம்புங்கள். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் "கார்-டி ஏற்றியவர்" என்பதை முதலில் சொல்லுங்கள். அதற்கென்று ஓர் அட்டை கொடுத்திருப்பார்கள், அது எப்போதும் சட்டைப் பையில் இருக்கட்டும். வண்டி ஓட்ட டாக்டர் சொல்லும்வரை பொறுங்கள். ரத்த தானம் இனி கிடையாது.

நம் ஊருக்கென்று சில விஷயம் உண்டு. செம்பனைக் காட்டில் எலி அதிகம், எலிச் சிறுநீரால் வரும் காய்ச்சலும் உண்டு. ஈர மண்ணிலிருந்து மெலியாய்டோசிஸ் என்ற கடுமையான தொற்று வரலாம், சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இன்னும் சுலபமாக. அதனால் வெறுங்காலோடு தோட்டத்தில் இறங்கக் கூடாது, சாக்கடை வெட்டக் கூடாது, மழைக்குப் பிறகு மண்ணைக் கிளறக் கூடாது. முதல் தைப்பூசத்துக்கு அலகு குத்திக் காவடி எடுக்கிறேன் என்று நேர்ந்துகொண்டவர்கள் அந்த ஆண்டு பால்குடத்தைப் பிள்ளைகள் கையில் கொடுக்கட்டும், முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான். ரத்த எண்ணிக்கை ஏறி, டாக்டர் சரி என்று சொன்ன பிறகு, கையுறையும் பூட்ஸும் போட்டுக்கொண்டு கீரைப் பாத்திக்குத் தண்ணீர் விடலாம். களை பிடுங்குவதை மட்டும் இன்னும் கொஞ்ச நாள் பக்கத்து வீட்டுத் தம்பியிடம் விட்டுவிடுங்கள்.